ஊசிக்குத் தடையில்லை

"சார், அந்த பிஸ்கட் டப்பாவைத் தொறந்து பாருங்க. உள்ள பிஸ்கட் இருக்காது!"

கோவை விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் பின்னாலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும், யாரென்று சித்திகா திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. பாலகோபால். இரண்டு வருஷம் அவளுக்குச் சம்பளம் கொடுத்த முதலாளி. போன மாதம் அவள் வேலையை உதறியதற்குக் காரணமும் அவர்தான்.

அதிகாரி டப்பாவைத் திறந்தார். நூல்கண்டுகள், ஊசிகள், மணிகள், மூக்கு நீண்ட சின்னக் கத்தரிக்கோல்.

"இது கூடாதும்மா" என்று கத்தரிக்கோலைத் தனியே எடுத்து வைத்தார்.

"நூல் வெட்டறதுங்க சார். அதுல கத்திரிக்காகூட நறுக்க முடியாது."

"கூடாதுன்னா கூடாது."

"ஊசி?"

"சின்ன ஊசிதானே? பரவால்ல, கொண்டு போங்க."

பாலகோபால் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். "ஃப்ளைட்ல கத்தரிக்கோல் எடுத்துட்டு வரக் கூடாது அம்மணி. படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?"

சித்திகாவின் கண் அவருடைய ஜிப்பாவிலேயே நின்றுவிட்டது. இளமஞ்சள் பட்டு. நெஞ்சிலிருந்து கீழ் ஓரம்வரை எம்ப்ராய்டரியில் மஞ்சள் செடி. நீண்ட இலைகள், அடியில் விரல் விரலாகக் கிழங்குகள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒரு லீவு நாள் முழுக்க உட்கார்ந்து அவள் வரைந்தது. அவள் நோட்டிலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு, "நீ எங்க வரைஞ்சாலும் அது கம்பெனி டிசைன்தான்" என்று சொன்னவர் இந்த மனிதர்.

"எப்படி இருக்குது? சாம்பிளை மடிச்சுப் பையில வெச்சா கசங்கிப்போயிரும். அதான் நானே போட்டுட்டு வந்துட்டேன்."

மும்பை விமான நிலையத்தின் வாசல் காபிக் கடையில் சைதன்யா மேடம் காத்திருப்பார். பெரிய கடைகளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பவர். பத்தரை மணிக்கு வெளிநாட்டு விமானத்துக்காக உள்ளே போய்விடுவார். அதற்குள் சாம்பிள் பார்ப்பதாக இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார். சித்திகாவின் பையிலும் அதே மஞ்சள் செடி, ஒரு புடவை முந்தானையில். இந்த ஆர்டர் கிடைத்தால்தான், அவளை நம்பி அவளோடு வேலையை விட்டு வந்த ஆறு பெண்களுக்கும் பிழைப்பு.

விமானத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. விதி!

"ஒண்ணு யோசிச்சியா அம்மணி?" வழியோர இருக்கையில் சாய்ந்துகொண்டு பெல்ட்டை மாட்டினார் பாலகோபால். "முதல்ல காட்டுறவங்களுதுதான் ஒரிஜினல். ரெண்டாவது காட்டுனா காப்பி. நான் வழியோரம், கையில பொட்டிகூட இல்லை. நான் எந்திரிச்சுப் போனாத்தான் நீ வெளிய வரவே முடியும்."

"தெரியுமுங்க."

"மேடம் முன்னால போய் நின்னு, வரைஞ்சது நாந்தான்னு அழுவியா?"

"அழறதுக்கு எங்கீங்க நேரம்? வேலை பாக்கி கிடக்குது." டப்பாவைத் திறந்தாள்.

"இன்னும் சாம்பிளே முடியலையா? அட ராமா! கத்தரிக்கோலும் போச்சு. நூலை எதுல அறுப்பே?"

"பல்லு இருக்குதுங்களே."

"என்ன நூலு இது, இத்தனை தடிமனா?"

"நைலானுங்க. யானை கட்டி இழுத்தாலும் அறாதுங்க."

"இதெல்லாம் நம்ம கம்பெனில பழகுன வேலை. ஞாபகம் இருக்கட்டும்" என்று கண்ணை மூடினார். கைப்பிடி முழுக்க அவர் முழங்கை. அவள் இருக்கையில் பாதிவரை அவர் ஜிப்பா. விமானம் மேலே ஏறுவதற்குள் குறட்டையும் ஏறிவிட்டது.

சித்திகா துப்பட்டாவை மடியில் விரித்துக்கொண்டு குனிந்தாள். ஊசி ஏறியது, இறங்கியது. நெருக்கு நெருக்கான தையல். நாலு தையலுக்கு ஒரு முடிச்சு. டீ வேண்டுமா என்று பணிப்பெண் கேட்டதற்குக்கூட நிமிரவில்லை. மும்பையில் சக்கரம் தரையைத் தொட்டபோதுதான் நூலைப் பல்லால் கடித்தாள்.

குலுக்கலில் பாலகோபால் விழித்தார். "என்ன, முடிஞ்சுதா?"

"முடிச்சுப்போட்டேனுங்க."

விமானம் நின்றதுதான் தாமதம், பெல்ட்டை விடுவித்துக்கொண்டு துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்ன எழவு இது?" மறுபடி எழுந்தார். மறுபடி தொப்.

"சார், பெல்ட்டைக் கழட்டிட்டு எந்திரிங்க" என்றாள் பணிப்பெண்.

"கழட்டியாச்சும்மா!"

"கொஞ்சம் காலை மடக்குங்க சார், நேரமாச்சு" என்று அவர் முழங்காலைத் தாண்டிப் பையோடு வெளியே வந்தாள் சித்திகா.

பாலகோபால் குனிந்து பார்த்தார். ஜிப்பாவின் கீழ் ஓரம் ஒரு சாண் நீளத்துக்கு சீட் பெல்ட்டோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. இழுத்தால் மஞ்சள் செடி வேரோடு கிழியும்.

"கத்தரிக்கோல்! யாராச்சும் ஒரு கத்தரிக்கோல் குடுங்களேன்!"

வாசலை நோக்கி நகர்ந்த வரிசையின் முன்னாலிருந்து சித்திகா திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க சார், ஃப்ளைட்ல கத்தரிக்கோல் எடுத்துட்டு வரக் கூடாதுங்களே. இதுகூடத் தெரியாதுங்களா?"