வேகத்தடை அம்மா

"அந்தப் பொண்ணு ஒரே ஒரு சோதனைக் குழாயைக் கழுவினா நாடே மூழ்கிடுமாம்மா?"

பேராசிரியர் மேசையைத் தட்டிய தட்டில் பேனா ஸ்டாண்டு சாய்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் ஆய்வாளர்களுக்கு விசா, வேலை அனுமதி எல்லாம் வாங்கித் தரும் அதிகாரி அம்மா, அதை நிதானமாக நிமிர்த்தி வைத்தார்.

"கழுவுறதும் வேலைதான் சார். அனுமதி கைக்கு வராம அவங்க ஆய்வகத்துக்குள்ள காலே வைக்கக் கூடாது. தெரிஞ்சா மறு விமானத்துல ஏத்தி அனுப்பிடுவாங்க."

இந்தப் பிடிவாதத்துக்காகத்தான் பேராசிரியர் அவருக்கு 'வேகத்தடை' என்று பெயர் வைத்திருந்தார். அது பல்கலைக்கழகம் முழுக்கப் பரவி, அதிகாரி அம்மா காதுக்கே எட்டிவிட்டது. அவர் கண்டுகொள்ளவில்லை.

பேராசிரியருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? பயிர் நோய் ஆராய்ச்சிக்காக உலகமெல்லாம் சலித்து அவர் பொறுக்கியெடுத்த பெண், சொந்த ஊரில் இருந்த வேலையை உதறிவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். விசா கிடைத்துவிட்டது, வேலை அனுமதிதான் இழுத்தடித்தது. இன்று மாலைக்குள் சேராவிட்டால் நியமனமே ரத்து.

"அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருங்கம்மா. அழுது அழுது வீங்கிக் கிடக்கு. அங்கயும் வேலை போச்சு, இங்கயும் இல்லேன்னா அவ எங்க போவா?"

"எனக்கு மட்டும் மனசு இல்லையா சார்? காலையிலேர்ந்து குடிவரவு ஆபீசுக்கு ஃபோன் போட்டுக்கிட்டேதான் இருக்கேன். அப்புறம், உங்ககிட்ட இன்னொரு விஷயம்..."

"எனக்கு ஒரு விஷயமும் வேணாம்! முதல்ல அந்தப் பொண்ணோட அனுமதி. மத்ததெல்லாம் அப்புறம்."

"இல்ல சார், அது வந்து..."

"பேசாதீங்கம்மா! நம்ம நாட்டோட வியாதியே இதுதான். நாலு எழுத்து படிச்சவங்க ஆசையா உழைக்க வந்தா, வாசல்லயே நிக்க வெச்சு வேடிக்கை பாக்கறோம். நமக்கெல்லாம் எப்ப புத்தி வரப்போகுது?"

அதிகாரி அம்மா பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி ஃபோனை எடுத்தார். இந்த முறை குரல் ஏறியது.

"விரல் ரேகை குடுத்தாச்சு. மருத்துவச் சான்றிதழும் உங்ககிட்டதான் இருக்கு. இன்னும் என்னங்க பாக்கி? சரி, உங்க மேலதிகாரியக் கூப்பிடுங்க. பரவாயில்ல, நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தார். எதிரே டீ ஆறி ஆடை கட்டியது. அப்போதும் ஃபோனை வைக்கவில்லை. மேலதிகாரி வந்ததும், பிடி பிடி என்று பிடித்தார். பேராசிரியரே நகம் கடிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார். இந்த அம்மாவுக்கு இப்படியெல்லாம் சண்டை போடத் தெரியுமா!

கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

"வந்துடுச்சு சார்!"

"அடி சக்கை!" பேராசிரியர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "இனிமே உங்கள வேகத்தடைன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். நீங்க மேம்பாலம்மா, மேம்பாலம்!"

விஷயத்தைக் கேட்டதும் வராந்தாவில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பேராசிரியர் அவளை ஆய்வகத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடாத குறைதான். அதிகாரி அம்மாவும் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தார். அந்தப் பெண் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே கால் வைத்ததும் ஆய்வகமே கைதட்டியது. ஜெயித்துவிட்டோம்! பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரும் உள்ளே நுழையப் போனார்.

குறுக்கே ஒரு கை நீண்டது.

"அவங்க போகலாம். நீங்க நில்லுங்க சார்."

"என்னம்மா விளையாட்டு இது? இது என் ஆய்வகம்!"

"இதைத்தான் சார் ஒரு மாசமா சொல்ல வரேன், நீங்க எங்க காது குடுத்தீங்க?" என்றார் அதிகாரி அம்மா. "இருபது வருஷமா நம்ம நாடு, நம்ம நாடுன்னு சொல்லிச் சொல்லி உங்களுக்கே மறந்து போச்சு. நீங்களும் வெளிநாட்டுக்காரர்தான் சார், உங்க வேலை அனுமதி நேத்தோட முடிஞ்சுபோச்சு!"