ஆளில்லா மண்டபத்தில் ஒரு ஓம்

கிளென் ஈடனில் சனிக்கிழமைப் பின்னேரத்து மழை வெளிச்சம், சுழலும் கறுப்பு இசைத்தட்டின்மேல் வழுக்கி வழுக்கிப் போகிறது. கிளறன்ஸ் கதிரை நுனியில் இருந்து நெப்ராஸ்காக்காரன் வெய்ன் டோலிவரின் கடைசித் தட்டைக் கேட்கிறார். சோளக்காட்டையும் பூட்டிப்போன தொழிற்சாலையையும் நாற்பது வருடம் பாடியவன் அவன். முதல் தட்டில், பாட்டுக்கு நடுவே, "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்பான், ஆயிரம் தொண்டைகள் ஆர்ப்பரிக்கும். நாடுவிட்டு வருமுன், மன்னாரில் அதைக் கசெட்டில் தேயத்தேயக் கேட்ட பதினைந்து வயதுக் கிளறன்ஸும் அந்த இடத்தில் தவறாமல் "ஓம்" என்று பதில் சொல்வார். கூட்டம் வருடா வருடம் கரைந்தது. இந்தத் தட்டை ஆளே இல்லாத மண்டபத்தில் பதிந்ததாக உறையில் எழுதியிருக்கிறது. பாட்டு நிற்கிறது. கிட்டார்க் கம்பியின் அதிர்வு அடங்குகிறது. கிழடு தட்டிய குரல் அதே கேள்வியைக் கேட்கிறது. கிளறன்ஸ் வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறார். ஊசி கரகரக்கிறது. "ஓம்" என்கிறது ஒலிபெருக்கி. குசினியில் வெங்காயம் அரியும் சத்தம் நிற்கிறது. "மகன் வந்திட்டானே?" என்று கேட்கிறாள் மனைவி மேர்சி. "இல்லை." "அவன்ர குரல்தான் கேட்டது." பிறகு தனக்குள் கதைப்பதுபோல் சொல்கிறாள்: "ஆனா இஞ்ச பிறந்தவன் 'ஓம்' எண்டமாட்டான், 'யா' எண்டெல்லோ சொல்லுவான்." ஊசியைத் தூக்கப் போன கிளறன்ஸின் கை அந்தரத்தில் நிற்கிறது: பதினைந்து வயதில் தனக்கும் அதே குரல்தான். தட்டுக்குள் டோலிவர் மெல்லச் சிரிக்கிறான். "ஒருத்தன் போதும்" என்றுவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்குகிறான்.