கேஸ்கட் போன கார்

"பொண்டாட்டிய உம்மா வீட்டில ஒரு ராவு தங்க விடாத மனுசன் பாஸ் எங்கட மச்சான். கார் மட்டும் புதுக் கார்."

அலவத்துகொட பஸ்ஸில் வழி நெடுக மச்சானைத் திட்டிக்கொண்டே வந்தான் பாரூக். பக்கத்தில், மடியில் சாமான் பெட்டியோடு மெக்கானிக் ஹபீல்.

பாரூக்கின் தங்கச்சி றமீலா கலியாணமான பிறகு இன்றைக்குத்தான் தாய் வீடு வந்திருந்தாள். அதுவும் தாய்க்குக் காய்ச்சல் என்று. காலையில் கூட்டிவந்த புருசன் ஜவாஹிர், அஸர் தொழுகைக்கு முந்தியே குண்டசாலைக்குத் திரும்பவேண்டும் என்று காரை எடுத்திருக்கிறான். எடுத்த கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி. காரை வாசலுக்கே தள்ளி வந்து விட்டு, மெக்கானிக்கைக் கூட்டிவரப் பாரூக்கை அனுப்பியிருந்தான்.

இவர்கள் போனபோது ஜவாஹிர் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"கெதியாப் பாருங்க பாஸ். வெளிச்சத்தோட வீட்டுக்குப் போகணும்."

ஹபீல் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீர் அடியில் கிடந்தது. நிரப்பி, என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். கேஸ்கட் போயிருந்தால் தண்ணீரில் குமிழி கிளம்பும். ஒன்றுமில்லை. ஒயில் பார்க்கும் கம்பியை உருவினார். தண்ணீர் கலந்திருந்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். ஒயில் சுத்தம்.

தண்ணீர் குறைந்துபோனதுதான் கோளாறு. இனித் தாராளமாக ஓட்டலாம்.

நிமிர்ந்தார். ஜன்னலில் றமீலா நின்றாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைப்பதும், உள்ளே படுத்திருந்த தாயைத் திரும்பிப் பார்ப்பதுமாக.

ஹபீலுக்கு மனசு கேட்கவில்லை.

"கேஸ்கட் போயிட்டு முதலாளி," என்றார் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. "என்ஜினுக்கும் அதுட மூடிக்கும் நடுவுல உள்ள தகடு. கொழும்பிலருந்துதான் வரணும். இப்படியே ஓட்டினா என்ஜினே மிஞ்சாது."

"எத்தன நாள் செல்லும்?"

"ஒரு கெழமை, ஏழு நாளாவது செல்லும்."

"சனியன் புடிச்ச கார்." ஜவாஹிர் டயரை ஓங்கி உதைத்தான். "பொம்புளய பஸ்ஸில ஏத்திப் போற பழக்கமும் எங்களுக்கு இல்ல. என்ன செய்ற? றமீலா, பெட்டிய உள்ளுக்கு எடு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவளின் சிரிப்பு வாசல்வரை கேட்டது. ஹபீலுக்கும் உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. கல் மனசுக்காரனை மடக்கிவிட்டோமே.

சந்தியில் அவர் பஸ்ஸுக்கு நின்றபோது ஜவாஹிர் வேகமாக வந்தான்.

"கேஸ்கட் நல்லாத்தானே ஈக்கி, பாஸ்?"

ஹபீல் சாமான் பெட்டியைக் கை மாற்றினார். "அது... முதலாளி..."

"பயப்படாதீங்க. நாளைக்கு எங்கட உம்மா குண்டசாலையிலருந்து ஆள் அனுப்பிக் கேப்பா. அப்பயும் கேஸ்கட் போயிட்டெண்டே சொல்லுங்க." ஜவாஹிர் குரலைத் தாழ்த்தினான். "மருமகள் நாலு நாள் தாயோட ஈக்கட்டுமெண்டு ரேடியேட்டர் தண்ணியத் தொறந்து உட்டது நாந்தானெண்டு தெரிஞ்சா, என்னய ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டா."