கறுக்

மிக்ஸிக்கு இன்று விடுமுறை. துணி போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கிறது. சாயங்கால வெயில் விழும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தையல்காரர் தன் புதுப் பற்களை நாக்கால் தடவித் தடவிப் பார்க்கிறார். தாடை எலும்பில் பதித்த திருகுகள் நன்றாகப் பிடித்துக்கொள்ளப் பல மாதம் ஆயிற்று. அதுவரை எல்லாமே அரைத்த சாப்பாடுதான். இன்று காலைதான் டாக்டர் நிரந்தரப் பல்வரிசையைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார். மனைவி வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றை நீட்டுகிறாள். "பயப்படாம கடிங்க." கண்ணை இறுக மூடிக்கொண்டு கடிக்கிறார். கறுக். இந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று! சட்டென்று மெல்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கிறார். அவள் பற்களுக்குத்தான் ஒரு குறையும் இல்லையே. "ஏம்மா, இத்தனை மாசமா நீயும் அரைச்சதையேதான் சாப்பிட்டியா?" அவள் தட்டைத் துடைக்கிறாள். "ரெண்டு சமையல் யார் செய்யறது? சோம்பேறித்தனம்தான்." அவள் சோம்பி உட்கார்ந்து அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. இருப்பதிலேயே பெரிய துண்டாக எடுத்து அவள் வாயருகே நீட்டுகிறார். கறுக். அவர் கடித்ததைவிடப் பலமான சத்தம்.