உறை ஊற்றிய பால்

காலையில் வெதுவெதுப்பான பாலில் கொஞ்சம் மோரை விட்டுவிட்டு வீட்டுக்காரி வேலைக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் தயிராக உறையாவிட்டால் கீழே கொட்டிவிடுவாள். சட்டிக்குப் பக்கத்தில் கிடந்த கரண்டிக்கு அதுதான் கவலை.

கொஞ்ச நேரத்தில் அது சட்டிக்குள் இறங்கி ஒரு கலக்குக் கலக்கியது. “என்னப்பா, இன்னும் தண்ணியாவே இருக்கே?”

“இப்பத்தான் உறைய ஆரம்பிச்சேன். நீ கலைச்சுட்டே,” என்றது பால்.

“சும்மா இருந்தா எப்படி ஆகும்? யாராவது ஏதாவது செய்யணும்ல?” கரண்டி மறுபடியும் கலக்கியது.

“உனக்குப் புண்ணியமாப் போகும். கொஞ்சம் தள்ளிப் படு.”

அடுத்த முறை எட்டிப் பார்த்தபோது கரண்டி வழுக்கி அடுப்புக்குப் பின்னால் விழுந்தது. ஏற முடியவில்லை. “அசையாதே! இல்லை, கொஞ்சம் அசை!” என்று அங்கிருந்தே கத்தியது. தொண்டை கட்டிய பிறகுதான் ஓய்ந்தது. சமையலறையில் வெயில் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரி கரண்டியைத் தேடி எடுத்துக் கழுவினாள். சட்டியை எட்டிப் பார்த்தாள். தயிர் கட்டியாக உறைந்திருந்தது.

“பார்த்தியா? நான் பட்ட பாடு வீண் போகலை,” என்றது கரண்டி.

கரண்டி உள்ளே இறங்கத் தயிர் வழிவிட்டது.