கிழக்குக் கரைப் புல்

ஏரி காப்புக் குழுவில் தொண்டராகச் சேர வந்த பெரியவரிடம் குழுவின் செயலாளர் நோட்டை நீட்டினாள்.

"பேரை எழுதுங்க ஐயா. உக்காந்து செய்யற வேலையா தரேன்."

"பேரு அப்புறம் சொல்றேம்மா. கிழக்குக் கரையில தோண்டற வேலை கொடு."

"அங்க குப்பையே இல்லையே! வெறும் புல்லுதான்."

"நாலடி தோண்டிப் பாரேன்."

அவர் பிடிவாதம் தாங்காமல் தோண்டினார்கள். துருப்பிடித்த ரசாயனப் பீப்பாய்கள் தலைகாட்டின. ஏரியில் மீன்கள் ஏன் செத்து மிதக்கின்றன என்று இத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவள் குழிக்குள் குனிந்து பார்த்தாள்.

"மொத்தம் பதினேழு இருக்கும்" என்றார் பெரியவர்.

"எப்படி ஐயா இவ்வளவு துல்லியமா சொல்றீங்க?"

"லாரியில கொண்டாந்து புதைச்சதே நான்தானேம்மா. மேல புல்லு நட்டதும் நான்தான்." அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "இப்ப என் பேரை எழுதிக்கோ. இந்த நோட்டுல வேணாம். போலீசுக்குக் கொடுக்கப்போற புகார்ல."