கடிக்காத செருப்பு

கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டவனின் கோட்டைப் பார்த்ததுமே சிஸ்டரம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. கதவுக்கு ஒரு ஆளாம், அந்த ஆளுக்கு ஒரு கோட்டாம்!

அவள் ஒன்றும் வாங்க வரவில்லை. இந்தக் கடையில் வாங்க அவளுக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது?

மகன் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பெண் இங்கேதான் வேலை பார்க்கிறாள். அம்மா சரியென்றால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு வார்த்தைக்காக அவன் காத்திருக்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு நாலு குறை வேண்டும். பொறுக்கிக்கொண்டு போகத்தான், அவனிடம்கூடச் சொல்லாமல் வந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வார்டில் ஆயுசு முழுக்கக் குறை கண்டுபிடித்தே ஓய்வுபெற்ற தலைமை நர்சுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

போட்டோவில் பார்த்த குட்டை முடி. அவளேதான். சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தவளின் பார்வை கீழே இறங்கி, சிஸ்டரம்மாவின் பழைய செருப்பில் ஒரு கணம் நின்றது.

ஓகோ, செருப்பைப் பார்த்து ஆளை எடைபோடுகிற ரகமா! முதல் குறை கிடைத்தாயிற்று.

சிஸ்டரம்மா சுற்ற ஆரம்பித்தாள். முட்டியில் கிழிந்த கால்சட்டை ஒன்று தனி விளக்கு வெளிச்சத்தில் தொங்கியது. அவள் வீட்டில் தரை துடைக்கும் துணி இதைவிட முழுசாக இருக்கும். கைப்பை ஒன்று, மூக்குக்கண்ணாடிக் கூடுகூட நுழையாத அளவில். இதில் எதை வைப்பார்கள்? வெட்கத்தையா?

மேல் தட்டில் இருந்த பையை இறக்கச் சொன்னாள். பொம்மை போட்டிருந்த கோட்டைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

பெண் முகம் சுளிக்கவில்லை. சம்பளத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு. வீட்டுக்கு வந்தால் தெரியும் லட்சணம்.

அலமாரி ஓரத்தில் விரலை இழுத்துப் பார்த்தாள். தூசி இல்லை. அதுவும் குறைதான். நாளெல்லாம் ஊரான் அலமாரியைத் துடைக்கிறவளுக்கு வீட்டில் கை வருமா?

கடைசியாக சோபாவில் உட்கார்ந்து செருப்பு கேட்டாள். பெண் ஒரு பெட்டியோடு வந்து கீழே மண்டியிட்டாள். ஒரு முறை முறைத்துவிட்டு, சிஸ்டரம்மா காலை அவள்முன் நீட்டினாள்.

"நீ காட்டுற பளபளப்பெல்லாம் என் காலுக்கு ஆகாதும்மா. இது என் பையன் வாங்கிக் குடுத்தது. இந்தக் கால் அவனுக்குத்தான் தெரியும். வேற எவளுக்குத் தெரியப்போகுது?"

பொய்யில்லை. வார்டில் நின்று நின்று எலும்பு புடைத்த கால். போட்ட செருப்பெல்லாம் கடித்துக் குதறியது. இதைப் போட்டு வலியில்லாமல் நடந்த அன்று அழுதேவிட்டாள். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி மாளவில்லை.

பெண் இடது செருப்பின் வாரில் விரலை விட்டு, எலும்புக்கும் வாருக்கும் இடையே மெல்லத் தடவிப் பார்த்தாள். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த எடத்துல உரசக்கூடாதுன்னு, எடது செருப்பு வாரை மட்டும் பிரிச்சுத் தளர்வாத் தைக்க வெச்சுத்தான் அவர்கிட்ட குடுத்தனுப்பினேன். இப்பக் கடிக்கலையே அத்தை?"

சிஸ்டரம்மா வாயைத் திறந்தாள். அவ்வளவு நேரம் சேர்த்த குறைகளில் ஒன்றாவது வாய்க்கு வர வேண்டுமே!

கோபமாவது வந்தது. எல்லாம் மகன்மேல். பெருமையை மட்டும் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான், படுபாவி. வரட்டும் வீட்டுக்கு.

காலை மட்டும் அவள் அந்தக் கையிலிருந்து எடுக்கவில்லை.